கார்த்திகை மாதத்துப் பூஜ்ஜியங்கள்

"மாலை போட்டுகினு எப்படி சாமி குடிப்பேன்?"

குணசேகர் சிரித்துவிட்டார். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசி மாலை, வெறும் கால். அடையாறில் நான் வேலை பார்த்த குடிநோய் சிகிச்சை மையத்தின் சின்ன அறையில், எனக்கு எதிரே நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் குளித்த தலை இன்னும் சரியாகக் காயவில்லை. அறை முழுக்கக் கற்பூர வாசனை.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "கடந்த ஒரு மாதத்தில் எத்தனை நாள் குடித்தீர்கள்?" சிகிச்சை முடிந்து போனவர்களை மூன்று மாதம் கழித்து வரச்சொல்லி, இப்படி உட்கார வைத்துக் கேட்பது என் ஆராய்ச்சியின் முக்கியமான வேலை.

என்னையும் அவர் சாமி என்றுதான் கூப்பிட்டார். மாலை போட்டவர்களுக்கு எதிரில் வருகிற எல்லோருமே சாமிதான். கண்டக்டர் சாமி, டீக்கடை சாமி, ஆராய்ச்சி மாணவி சாமி.

"அப்ப பூஜ்ஜியம் போட்டுக்கவா?"

"எம்மாம் பெரிய முட்டை வேணுன்னாலும் போட்டுக்கோ சாமி."

போட்டேன். அவர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கூடவே வந்திருந்த அவர் மனைவி லட்சுமி மட்டும் வாசல் பெஞ்சிலிருந்து எழுந்து, அவர் மாடிப்படி இறங்கும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார்.

"மேடம், இப்ப எனக்குக் கவலையே இல்ல. மாலைய கழட்டனப்பறம் வந்து கேளுங்க, அப்ப தெரியும்."

"எப்பக் கழட்டுவாரு? மண்டலமா, ஜோதியா?"

லட்சுமி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"ஜோதிதான். நான் சொல்லிட்டேன்ல."

நானும் சிரித்தேன். அந்த மையத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மண்டலமா, ஜோதியா

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்பக்கம் இருந்த குடியிருப்பில், மாடியில் ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பந்தல் வேலை. பங்குனித் திருவிழாவுக்குத் தெருவை அடைத்து மூங்கில் நட்டுக் கீற்று வேய்வது, கல்யாண வீட்டு வாசலில் வாழைமரமும் சீரியல் செட்டும் கட்டுவது. நாளெல்லாம் மூங்கிலில் தொங்குகிற உடம்பு சாயங்காலம் வலிக்கும். வலிக்குக் குடிக்கத் தொடங்கினார் என்பார்கள். எனக்கு நினைவு தெரிந்தபோது வலியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. சாயங்காலமே போதுமானதாக இருந்தது.

(இதை அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்க. போட்டோ மட்டும் போட்டுடாத" என்றார்.)

மற்ற மாதங்களில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் வீட்டுப்பாடத்தைப் பாய்க்கு அடியில் தள்ளிவிடுவேன். அம்மா அடுப்பைத் தணித்துவிடுவாள். தம்பி தூங்குவதுபோல் நடிப்பான். சத்தத்தின் தாளத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும்.

கார்த்திகை பிறந்தால் செருப்பே கிடையாது. அப்பா படியேறி வருவது காதில் விழாது. திரும்பிப் பார்த்தால் கதவருகே நிற்பார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

விடியற்காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து, டிரம்மிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, சுருதி சேராமல் சரணம் சொல்வார். பிறகு என் கால் கட்டை விரலைப் பிடித்து ஆட்டுவார்.

"எழுந்திரு சாமி. ஸ்கூலுக்கு டைமாவுது சாமி."

என்னை. அந்த மாதங்களில் மட்டும், என்னை.

பள்ளிக்கூடம் வரை கையைப் பிடித்துக்கொண்டு வருவார். வெயில் ஏறிய தார் ரோட்டில் வெறுங்காலோடு அவர் தாவித்தாவி நடப்பதைப் பார்த்து நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். அந்த மாதங்களில் எங்கள் அறையில் மீன் வாசனை இராது. துளசி, விபூதி, ஈர வேட்டி ஆகியவற்றின் வாசனைதான். இன்றைக்கும் பேருந்தில் மாலை போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால் எனக்கு வயது குறைந்துவிடுகிறது.

மலைக்குப் போவதில் இரண்டு வழக்கம் உண்டு. சிலர் மார்கழி நடுவில், மண்டல பூஜையோடு போய்வந்து மாலையைக் கழற்றிவிடுவார்கள். சிலர் தை பிறக்கிற அன்று தெரியும் மகரஜோதியைப் பார்க்கப் போவார்கள். ஜோதிக்குப் போனால் மாலை இன்னும் கொஞ்ச நாள் கழுத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் வருஷாவருஷம் இந்தப் பேச்சு நடக்கும்.

"சாமி, இந்த வருசம் மண்டலத்துக்கே பூட்டு வந்துடலாம்னு குருசாமி சொல்றாரு" என்பார் அப்பா.

"ஜோதி பாக்காம இன்னா மலை சாமி?" என்பாள் அம்மா.

"கூட்டம் நெரியும் சாமி."

"நெரியட்டும் சாமி. சாமிய பாக்கப் போறவங்களுக்குக் கூட்டம் ஒரு கஸ்டமா?"

அம்மாவுக்கு இப்படி ஒரு பக்தியா என்று சின்ன வயதில் வியந்திருக்கிறேன். பிறகுதான் கவனித்தேன், எங்கள் குடியிருப்பில் எல்லாப் பெண்களுக்குமே ஜோதியின் மேல் அசாத்தியமான பக்தி. மண்டல பூஜைக்குப் போகலாம் என்று சொன்ன ஒரு மனைவியைக்கூட நான் பார்த்ததில்லை.

மலையிலிருந்து வந்த அன்று வாசலில் தேங்காய் உடைத்து அம்மாதான் மாலையைக் கழற்றுவாள். கைகள் கழுத்துக்குப் பின்னால் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும். "இன்னும் ரெண்டு நாள் போட்டுகினு இரேன் சாமி" என்று ஒரு வருஷம் சொல்லியே விட்டாள். அப்பா சிரித்தார். மறுநாள் சாயங்காலம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அண்ணாச்சியின் சந்தேகம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான். இந்தத் தொடரில் இதை எத்தனை வாரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது.

பிளஸ் டூ முடித்ததும் காமர்ஸ் கேட்டேன், கிடைக்கவில்லை. சைக்காலஜியில் இடம் இருந்தது. அது என்ன படிப்பு என்று அலுவலகத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "மனசைப் பத்திப் படிக்கறது" என்றார். எங்கள் வீட்டில் அதற்குத் தேவை இருப்பதாகப்பட்டது, சேர்ந்துவிட்டேன்.

அம்மா அப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடிக்கிற வேலையில் இருந்தாள். வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மறுபடி கடைமடிப்புக்குக் கொண்டுவர வேண்டும். முதலாளி தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி.

"உம் மவ என்னம்மா படிக்கா?"

"சைக்காலஜி அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"மனசுக்கு வைத்தியம்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தாராம். "படிக்கட்டும். ஆனா அதுக்கு எந்தக் கடையில வேல கெடைக்கும்?"

நியாயமான சந்தேகம். எனக்கும் அது இருந்தது.

தமிழ் வழியில் படித்தவள் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை அணுகிய கதையைச் சென்ற வாரம் எழுதிவிட்டேன். எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கோட்டூர்புரத்துப் பெரிய நூலகத்தில்தான் கழிந்தன. அங்கே குளிர்சாதனம் உண்டு, வீட்டில் இல்லை என்பதும் என் கல்வி ஆர்வத்துக்கு ஒரு காரணம். அங்கேதான் ஒரு புத்தகத்தில், குடிப்பழக்கத்துக்கு அடிமையாவது ஒரு நோய் என்று முதன்முதலாகப் படித்தேன். நோய் என்றால் அதற்கு ஒரு போக்கு உண்டு, அதைக் கவனிக்கலாம், அளக்கலாம். செருப்புச் சத்தத்தை அளந்து வளர்ந்தவளுக்கு அது புதிய செய்தியாக இல்லை. ஆனால் அதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்பது புதிய செய்தி.

அடையாறு மையத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது புருவத்தை அசைக்காமல் கேள்வி கேட்பது. "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"யாரக் கேக்கற?" என்றார்.

"பொதுவா" என்றேன்.

இரண்டாவது கற்றது ஒரு சொல். மையத்தில் 'குடிகாரன்' என்று யாரும் சொல்லக் கூடாது, 'குடிநோயாளி' என்றுதான் சொல்ல வேண்டும். என் நாக்குக்கு அது வர நாளாயிற்று.

பிறகு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறி, அதே மையத்தில் பிஎச்.டி.க்குப் பதிந்தேன். அப்பா தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார். "எம் பொண்ணு குடிய வச்சே டாக்டர் பட்டம் வாங்கப் போவுது."

மூங்கில் மேல் இருந்தவர் கீழே குனிந்து சொன்னாராம்: "மச்சி, இத்தினி வருசமா நம்மதான் படிச்சுகினு கீறோம். நமக்கு ஒருத்தனும் தரலியே."

ஆன்டனியின் தவக்காலம்

என் ஆராய்ச்சி எளிமையானது. சிகிச்சைக்கு வருகிறவரை மட்டும் உட்கார வைத்துப் பேசாமல், அவர் வீட்டாரையும் சேர்த்து உட்கார வைத்து வாராவாரம் பேசினால், அவர் மறுபடி குடிக்காமல் இருப்பது அதிகமாகுமா? முதல் குழுவுக்குப் பழைய முறை. இரண்டாவது குழுவுக்கு வீட்டாரோடு சேர்த்துப் பேசும் புதிய முறை. இரண்டு குழுவையும் மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டு, குடித்த நாட்களைக் கேட்டு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் குழுவின் விடைகளில் பூஜ்ஜியம் அபூர்வமாகத்தான் இருந்தது. இரண்டாவது குழுவில் குணசேகர் பூஜ்ஜியம். அடுத்து வந்தவர் பூஜ்ஜியம். அதற்கடுத்தவரும். கறுப்பு வேட்டி, நீல வேட்டி, காவி வேட்டி என்று வந்துகொண்டே இருந்தார்கள், பூஜ்ஜியமும் வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் ஆன்டனி வந்தார். சாந்தோம் பக்கம் மீன்பிடி வலை பின்னுகிறவர். பேன்ட்டும் சட்டையும் செருப்புமாக வந்து உட்கார்ந்தார். கேள்வியைக் கேட்டேன். மாதத்தில் பாதி நாளைச் சொன்னார்.

என் புருவம் அசைந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாமிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவங்களோட என்னைச் சேக்காத மேடம். எங்களுக்கு ஈஸ்டருக்கு முன்னாடிதான் தவக்காலம், இன்னும் வரல. வரட்டும், நானும் முட்டை வாங்கிக் காட்டறேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

முதல் குழுவை நாங்கள் கேட்டது சித்திரையில். இரண்டாவது குழுவைக் கேட்பது கார்த்திகையில். திட்டத்தைப் போட்டவர்கள் ஆங்கில மாதங்களை வைத்துப் போட்டிருந்தார்கள். நான் அதில் பின்னால் வந்து சேர்ந்தவள். ஏப்ரலையும் நவம்பரையும் பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. சித்திரை, கார்த்திகை என்று சொல்லிப்பார்த்தால்தான் தெரியும், நாங்கள் அளந்தது எங்கள் சிகிச்சையை அல்ல, துளசி மாலையை.

மேடத்தின் அறை

என் வழிகாட்டியை இங்கே வசந்தா மேடம் என்று வைத்துக்கொள்கிறேன். மயிலாப்பூரில் பழைய குடும்பம். மாட வீதியில் அவர்கள் வீடு, அதற்குச் சில தெரு தள்ளி எங்கள் குடியிருப்பு. ஒரே கோயில் மணியைக் கேட்டு வளர்ந்தவர்கள், மையத்தில்தான் முதலில் சந்தித்தோம்.

விடைகளைப் பார்த்ததும் மேடத்தின் முகம் மலர்ந்தது.

"இவ்ளோ நன்னா வந்திருக்கே. கோவாவுல மாநாடு வருதே, அதுக்கு இதைத்தான் அனுப்பணும். நீயே போய்ப் பேசிட்டு வா."

நான் அதுவரை விமானத்தைப் பறக்கும்போது மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"மேடம், இதுல ஒரு சிக்கல் இருக்கு. இவங்க எல்லாரும் மாலை போட்டிருக்காங்க."

"போட்டுண்டா என்ன? குடிச்சாளா, இல்லையா?"

"குடிக்கலை."

"அப்போ பூஜ்ஜியம் பூஜ்ஜியம்தானே?"

"முதல் குழுவைச் சித்திரையில கேட்டோம் மேடம். சித்திரையில யாரும் மாலை போடறதில்லை."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். விரல்களில் மாதங்களை எண்ணினார். தப்பை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறவர் அல்ல அவர், கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்காத்துலயும் என் தம்பி வருஷம் தவறாம மலைக்குப் போறான். எனக்கு இது தோணவே இல்லை, பாரேன்."

"உங்க தம்பி குடிப்பாரா மேடம்?"

"சேச்சே."

"அதான் மேடம் தோணலை."

கொஞ்சம் துடுக்கான பதில்தான். மேடம் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"தை பொறந்து, எல்லாரும் மாலையைக் கழட்டினப்பறம் மறுபடி கேக்கணும். முதல் குழுவையும் அதே மாசம் கேக்கணும். அப்பறம் கணக்கெல்லாம் முதல்லேர்ந்து போட்டு எழுதணும், உன் தீசிஸ் ஒரு வருஷம் தள்ளிப் போகும். பங்குனியில ரிசர்ச் ஆபீசர் போஸ்டுக்கு எடுக்கறா. தீசிஸ் குடுத்தவாளுக்குத்தான் அது. இது உனக்குத் தெரியுமோல்லியோ?"

"தெரியும் மேடம்."

"மாலையைப் பத்தி ஒரு வரி எழுதி வச்சுட்டு இதையே குடுத்துடலாம். யாரும் தப்புன்னு சொல்ல மாட்டா. யோசிச்சுண்டு வா."

எனக்கு அந்த வேலை வேண்டும். மிகவும் வேண்டும். அந்த மையத்தில் என் பெயர் எழுதிய ஒரு கதவை நான் ஏற்கெனவே மனசில் மாட்டிவைத்திருந்தேன். பங்குனிக்குள் எனக்கு நிரந்தர வேலை என்று அம்மா அண்ணாச்சியிடம் சொல்லியும்விட்டாள்.

சாயங்காலம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பஜனை. அப்பா ஜால்ரா போட்டுக்கொண்டிருந்தார். மாடியில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப பொய்யா எழுதச் சொல்றாங்களா?" என்றாள் அம்மா.

"பொய் இல்லம்மா. எல்லாம் நெசம். கார்த்திகையில கேட்டோம், அவ்ளோதான்."

அம்மா தம்பியின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து, விரலால் ஓரத்தை நீவி, அடுக்கின் மேல் வைத்தாள்.

"என்னைக் கேளு. கார்த்திகையில வந்து கேட்டா, எம் புருசன் மாதிரி உண்டான்னு சொல்லுவேன். எம் பொழப்பு தெரியணும்னா தையிலதான் வந்து கேக்கணும்."

அடுத்த சட்டையை எடுத்தாள்.

"அண்ணாச்சிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ தையிலயே கேளு."

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, மாநாட்டுக்குப் போகவேண்டிய கட்டுரையைத் தானே நிறுத்திவைத்தார்.

பொங்கலுக்குப் பிறகு

மாலையோடு தானாக வந்தவர்கள் மாலை இல்லாமல் வரவில்லை. போன் செய்தால் "வரேன் மேடம்" என்பார்கள், வர மாட்டார்கள். அதனால் நான் போனேன். சைதாப்பேட்டை, திருவல்லிக்கேணி, மந்தைவெளி என்று தைக் கடைசி வெயிலில் சுற்றினேன்.

குணசேகர் வேலை செய்த வெல்டிங் பட்டறை பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. லுங்கியும் எண்ணெய்ச் சட்டையுமாக ஒரு கிரில் கேட்டின் மேல் குனிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இன்னா மேடம், இங்கயே வந்துட்ட?"

கேள்வியைக் கேட்டேன். புருவம் அசையாமல்தான் கேட்டேன்.

"மலையிலேர்ந்து வந்தமா. லட்சுமி மாலைய கழட்னா. மறுநா." அவ்வளவோடு நிறுத்தினார். பிறகு, "ஆனா முன்ன மாரி தினம் இல்ல மேடம். ஞாயித்துக்கெயம மட்டும். நம்பலன்னா லட்சுமியக் கேளு."

"நம்பறேன்."

"கோச்சுக்கினியா?"

"இல்லீங்க."

"லட்சுமி கோச்சுக்கினா. நீ கோச்சுக்கல. படிச்சா கோவம் வராதா?"

வரும் என்று சொல்லவில்லை. எழுதிக்கொண்டேன்.

லட்சுமியையும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் என்றார். வீட்டாரோடு உட்கார்ந்து பேசிய வாரங்களில், கணவர் முன்னாலேயே பயமில்லாமல் சில விஷயங்களைச் சொல்ல முடிந்ததாம். "அதுக்கப்பறம் அவரு கொஞ்சம் யோசிக்கறாரு" என்றார்.

ஆன்டனியிடமும் போனேன். தவக்காலத்திலும் போனேன். முட்டைதான், வாக்குத் தவறவில்லை. ஈஸ்டர் முடிந்தும் போய் நின்றேன். "நீ விடவே மாட்டியா மேடம்?" என்றார்.

வருஷம் முழுக்க இப்படி. முதல் குழுவையும் தேடிப்பிடித்து அதே தையில் கேட்டிருந்தோம். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, கார்த்திகையில் மலையளவு தெரிந்த வித்தியாசம் தையில் சின்ன மேடாகிவிட்டது. ஆனால் மேடு இருந்தது. வீட்டாரோடு பேசிய குழுவில் குடித்த நாட்கள் குறைந்திருந்தன. சிலர் அறவே தொடவில்லை. மேடம் கணக்கை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, "சின்னதுதான், ஆனா நிக்கறது" என்றார்.

அதற்கு முன்பே, பங்குனியில் அந்த வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. அந்தக் கதவைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அதுவும் கார்த்திகையில் கேட்ட பதில்போல ஆகிவிடும்.

சபையில் ஒரு கேள்வி

பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு எங்கள் பல்கலைக்கழகத்தில் பொதுவில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். கடற்கரைச் சாலையில் அந்தப் பழைய கூடத்தில் மறுவருஷம் ஓர் ஆவணி மாதக் காலையில் எனக்கு நடந்தது. அம்மா அண்ணாச்சி கடைப் புடவை கட்டி வந்திருந்தாள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். அந்த வருஷமும் அவர் குடித்துக்கொண்டுதான் இருந்தார். அன்று காலை குடிக்கவில்லை.

வெளியூர்ப் பேராசிரியர் ஆங்கிலத்தில் நிறையக் கேட்டார், ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். என் அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் நான் நிறுத்தாமல் பேசுகிறேன் என்பது புரிந்தது. பக்கத்தில் இருந்தவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவில் தமிழில் சுருக்கமாகச் சொல்ல அனுமதி கேட்டேன். தேர்வுக் குழுத் தலைவர் கொடுத்தார். ஆய்வு எதைப் பற்றி, எப்படிச் செய்தோம் என்று சொன்னேன். "மாலை போட்டிருந்த காலத்தில் கிடைத்த பூஜ்ஜியங்களைச் சிகிச்சையின் கணக்கில் சேர்க்கவில்லை" என்று முடித்தேன்.

வழக்கப்படி தலைவர் கேட்டார். "சபையில் இருப்பவர்கள் யாராவது கேள்வி கேட்க விரும்பினால் கேட்கலாம்."

யாரும் கேட்பதில்லை. அது ஒரு சம்பிரதாயம். கைதட்டலுக்கு எல்லோரும் கைகளைத் தயாராக வைத்திருந்தார்கள்.

அப்பா எழுந்து நின்றார்.

"மேடம், எனக்கு ஒரு டவுட்டு."

அம்மா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை.

"நீங்க?" என்றார் தலைவர்.

"பந்தல் வேலை சார்."

என்னைத் தன் மகள் என்று அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மகள் என்று சொல்லிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டால், என் அப்பா குடிக்கிறவர் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுமே.

"கேளுங்க" என்றார் தலைவர்.

"மாலை போட்ட நாளெல்லாம் கணக்குல சேக்கலன்னு மேடம் சொன்னாங்க. ஒருத்தன் வருசாவருசம் அந்த நாள்ல தொடாம இருந்துகீறான். சும்மா இல்ல, கஸ்டப்பட்டுத்தான் இருந்துகீறான். கை நடுங்கும், தூக்கம் வராது, கடைக்கு முன்னாலயே நடந்து போவணும். அப்டி இருந்த நாளு ஒண்ணுமே கணக்குல வராதா?"

வெளிநாட்டு ஆய்வுகளைப் பற்றி எது கேட்டாலும் சொல்வதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். இதற்குத் தயாராக வரவில்லை. ஒலிபெருக்கியை வாயருகே இழுத்துக்கொண்டேன்.

"வரும்" என்றேன். "அந்த நாளெல்லாம் பொய்னு நான் எழுதல. அதை எங்க மையம் சாதிச்சதுன்னு எழுத முடியாதுன்னுதான் எழுதியிருக்கேன். அந்த நாள்ல யாரும் மருந்து குடுக்கல. யாரும் பக்கத்துல உக்காந்து பேசல. அவங்களாவே இருந்தாங்க. அவங்க சாதிச்சதை எங்க பேர்ல எழுதிக்கிட்டா அது திருட்டு, நைனா."

வீட்டில் அப்பாவைக் கூப்பிடுகிற 'நைனா'வைச் சபையில் சொல்ல நான் நினைக்கவில்லை. வந்துவிட்டது. முன்வரிசையில் தலைகள் திரும்பின. வசந்தா மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்பா முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். தலைவர் அவசரப்படுத்தவில்லை.

"அப்ப சரி" என்றார் அப்பா.

உட்கார்ந்தார். அம்மா, தான் இழுத்துக் கசக்கிய சட்டையை விரலால் நீவிவிட்டாள்.